கை முளைச்ச கிணறு

உன்ரை குழாய்க்கிணத்துக்கு ஆர் சந்தனம் பூசினது, ஆர் செவ்வரத்தம்பூ வைச்சதெண்டு என்னைக் கேட்டா? பொறு பிள்ளை பூமணி. வவுனியாவிலையிருந்து இப்பதானே பஸ்ஸாலை இறங்கி வாறாய். பையை வைச்சிட்டு இந்தக் கதிரையிலை இரு. அதுக்கு ஒரு கால் சரியில்லை, சுவரோடை சாய்ச்சு இரு. கண்ணுக்கு மருந்து விட்டது, ஒண்டும் தெரியேல்லை எண்டாய், சந்தனத்தை மட்டும் எப்பிடிக் கண்டனி?

கள்ளர் ஒருத்தரும் வரேல்லை. உன்ரை கோழியள் எல்லாம் கிடக்கு, நான் பாத்தனான். சேவல் மட்டும் கொஞ்சம் பயந்துபோச்சு. அது பேந்து சொல்லுறன்.

"தெரியும்" வந்தவன்.

எந்தத் தெரியுமோ? நீ கலியாணம் கட்டி உடையார்கட்டுக்கு வரமுந்தியே அவன் கனடாவுக்குப் போட்டான். நீ காணேல்லை. ஆனா அவனாலைதான் உன்ரை மூத்தவளுக்கு மாப்பிள்ளை கிடைச்சது. முழிக்காதை, அதுவும் சொல்லுறன்.

தாய் தேப்பன் வைச்ச பேரொண்டு அவனுக்கு இருந்தது. கோயில்லை அர்ச்சனைக்கு மட்டும்தான் அதைச் சொல்லுறது. மற்றும்படி ஊர் முழுக்க அவனுக்குப் பேர் தெரியும்தான். எதைக் கேட்டாலும் அந்தப் பெடியன்ரை வாயிலை முதல் வாறது "எனக்குத் தெரியும்". "தம்பி, மாட்டை இப்பிடிக் கட்டினா அவிட்டுக்கொண்டு போடும்" எண்டா "எனக்குத் தெரியும்" எண்டுவான். மாடு அவிட்டுக்கொண்டு போடும். "போட்டுதடா" எண்டா அதுக்கும் "எனக்குத் தெரியும்" எண்டுவான். பள்ளிக்கூடத்திலை வாத்தியார் கேள்வி கேட்டு முடிக்கமுந்திக் கை தூக்குவானாம். சரி சொல்லு எண்டா, "எனக்குத் தெரியும் சேர், நீங்கள் மற்றவையைக் கேளுங்கோ, அவையளும் படிக்கவேணும்தானே" எண்டவனாம்.

பேர் வைச்சாப்பிறகு எங்களுக்குத்தான் கதைக்கிறது கஷ்டமாப் போச்சு. அவன்ரை தாய் படலையிலை நிண்டு, "மச்சாள், தெரியும் எங்கை?" எண்டு கேப்பா. "தெரியாது மச்சாள்" எண்டு நான் சொல்லுவன். "தெரியும் வந்தா தெரியும் வந்திட்டுதெண்டு சொல்லுங்கோ" எண்டுவா. ரோட்டாலை சைக்கிளிலை போன மனிசன் ஒருத்தர் இறங்கி நிண்டு எங்கள் ரண்டு பேரையும் மாறிமாறிப் பாத்திட்டுப் போனவர்.

அவ எனக்குச் சொந்த மச்சாள் இல்லை. யாழ்ப்பாணப் பக்கமிருந்து ரண்டு குடும்பமும் ஒரே கிழமை இஞ்சை காணி கிடைச்சு வந்தனாங்கள். அவன்ரை தேப்பனும் என்ரை மனிசனும் சேர்ந்துதான் அவையின்ரை கிணறு வெட்டினவை. நாங்கள் பொம்பிளையள் மண் சுமந்தனாங்கள். அந்த மூலைவளவு பத்தையாக் கிடக்குது பார், நீயும் நானும் குடிக்கத் தண்ணி அள்ளுற கிணறு? அதுதான். அதுதான் தெரியும் பிறந்த வளவு. உன்ரை இல்லை. மூலையிலை கிடக்கிறது. இதை நல்லா மனசிலை வைச்சுக்கொள், பிறகு தேவைப்படும்.

உன்ரை மருமோன் கதையைச் சொல்லிப்போட்டு வாறன், இல்லாட்டி நீ ஒழுங்காக் கேக்கமாட்டாய்.

முள்ளியவளையிலை என்ரை தமையன்ரை மோனுக்குக் கலியாணம். மனிசனுக்கு வயலுக்குத் தண்ணி கட்டுற முறை, வர ஏலாது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பஸ்ஸிலை என்ன ஊர் எழுதிக் கிடக்கெண்டு நான் என்னத்தைக் கண்டன்? தெரியும் அப்ப அஞ்சாம் வகுப்பு. "மாமி, எனக்குத் தெரியும், நான் கூட்டிக்கொண்டு போறன்" எண்டு முன்னுக்கு வெளிக்கிட்டு நிக்கிறான். ஒரு பெட்டி பயித்தம்பணியாரம், ஒரு வாழைக்குலை, அவன். ஒரு சிவப்பு பஸ் வந்துது.

"இதுதான் மாமி, ஏறுங்கோ."

"போர்ட்டை வாசிச்சனியோடா?"

"ஏன் வாசிப்பான்? எனக்கு இந்த பஸ்ஸின்ரை முகம் தெரியும்."

எல்லா பஸ்ஸும் சிவப்புத்தானே பிள்ளை. நானும் ஏறி நித்திரையாப் போனன். எழும்பிப் பாத்தா பஸ் ஓடுது, ஓடுது, முள்ளியவளை வரேல்லை. கடைசியா இறக்கிவிட்டாங்கள். பாத்தா ஒரு பந்தல், மேளச் சத்தம். "பாத்தீங்களோ மாமி!" எண்டான். நானும் குலையைத் தூக்கிக்கொண்டு உள்ளை போய் முன்வரிசையிலை குந்தியிட்டன். ஒருத்தரையும் தெரியேல்லை. பொம்பிளை வீட்டுச் சனமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு மாப்பிள்ளையைப் பாத்தன். என்ரை மருமோன் ஈர்க்கு மாதிரி. மணவறையிலை இருந்தவர் உரல் மாதிரி.

"டேய், இது அவனில்லையடா."

"கலியாணப் பலகாரம் சாப்பிட்டு உடம்பு வைச்சிட்டார் மாமி."

"நிறமும் வேறயாக் கிடக்கு."

"பவுடர். எனக்குத் தெரியும்."

நல்ல பட்டுச்சீலை கட்டின ஒருத்தி வந்து, "நீங்கள் ஆற்றை பக்கம்?" எண்டு கேட்டா. நான் மிதப்பா, "மாப்பிள்ளையின்ரை மாமி" எண்டன். அவ என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, "அவருக்கு இருக்கிறது ஒரே மாமி, அது நான்" எண்டா. பிள்ளை, நாங்கள் நிண்டது துணுக்காயிலை! முள்ளியவளை எங்கை, துணுக்காய் எங்கை! நான் வெக்கத்திலை பணியாரப் பெட்டியாலை முகத்தை மூடினன். அதுகள் வயிறு நோகச் சிரிச்சுப்போட்டு, சாப்பிடாமல் போகவிடேல்லை. அண்டையிலையிருந்து அவை எனக்குச் சொந்தம். அந்த உரல் மாப்பிள்ளையின்ரை மோன்தான் உன்ரை மருமோன். நான் கொண்டுவந்த சம்பந்தமெல்லோ? எனக்குத் துணுக்காயிலை எப்பிடி ஆக்கள் தெரியுமெண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டன்.

சரி, நேற்றுக்கு வருவம்.

நேற்றுப் பின்னேரம் வெள்ளை வான் ஒண்டு வந்து உன்ரை படலையடியிலை நிண்டுது. கொழும்பிலை வாடகைக்கு எடுத்ததாம். றைவர் தாறமெண்டவங்களாம், இவன்தான், "வேண்டாம், எனக்குத் தெரியும்" எண்டு தானே வானை ஓடிக்கொண்டு வந்தவன். அவன்ரை போனுக்குள்ளை ஒரு பொம்பிளை இருந்து வழி சொல்லுறா. அவவோடையும் வழியெல்லாம் சண்டையாம். அவ இடக்கை எண்டா இவன் வலக்கை. பாவம் அவ, கோவிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தவவாம்.

நான் வேலியாலை எட்டிப் பாக்கிறன், ஒரு மொத்த மனிசன் உன்ரை படலைக் கம்பியை அவிட்டுக்கொண்டு உள்ளை போறான். பின்னாலை களுசான் போட்ட மனிசி, பதினாறு வயசிலை ஒரு பெட்டை, எட்டு வயசிலை ஒரு வாண்டு. "இதுதான் பிள்ளையள் நான் பிறந்து வளந்த வளவு. செருப்பைக் கழட்டுங்கோ" எண்டுறான். உன்ரை வளவு முழுக்க நெருஞ்சி! அந்த வாண்டு ஒத்தைக்கால்லை துள்ளத் தொடங்கினான். அதைக் கண்டுதான் சேவல் பயந்தது.

ஆனா நான் அவனைக் குறைசொல்லமாட்டன். சண்டையிலை ஓடிப்போய்த் திரும்பி வந்தாப்பிறகு வீட்டுத்திட்டத்திலை கட்டித்தந்த வீடுகள்தானே எல்லாம்? ஒரே அச்சு, ஒரே கதவு, ஒரே நீலப் படலை. நானே ஒருநாள் மழைக்குள்ளை ஓடிவந்து உன்ரை குசினியிலை அடுப்பு மூட்டினனான். நீ வந்து பாத்திட்டு, "உப்பு எங்கை கிடக்கெண்டு தெரியுமோ அக்கா?" எண்டு கேட்டனி.

அவன் வளவு சுத்திக் காட்டுறான். உன்ரை ஆட்டுக்கொட்டிலடியிலை நிண்டு, "இதுதான் அப்பா படிச்ச அறை" எண்டான். ஆடு உள்ளை நிண்டு பாக்குது. பெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, மணக்குது" எண்டாள்.

"அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் அப்பிடித்தான் மணக்கும் பிள்ளை."

பிறகு உன்ரை முருங்கையைத் தடவினான். நீ போன வருசம் நட்டது. "இதிலைதான் ஊஞ்சல் கட்டி ஆடினனான்."

"அப்பா, இந்த மரம் என்ரை உயரம்தான்."

"அப்ப அப்பா சின்னப்பிள்ளை. எனக்கு அது பெரிய மரம்."

நான் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு போனன். "ஆரது, என்ன வேணும்?" எண்டன். அவன் திரும்பி, ரண்டு கையையும் விரிச்சுக்கொண்டு, "எனக்குத் தெரியும்! நீங்கள் செல்லாச்சி ஆச்சியெல்லோ!" எண்டான். செல்லாச்சி என்ரை மாமியார். இருந்தாவெண்டா இப்ப நூத்திமுப்பது வயசு. எனக்கு உடனை பிடிபட்டுட்டுது. இவ்வளவு துணிவாப் பிழை சொல்லுறவன் உலகத்திலை ஒருத்தன்தான்.

"டேய் தெரியும்!"

"மாமி!" எண்டு கட்டிப்பிடிச்சான் பார், தும்புத்தடி நடுவிலை நெரிஞ்சுபோச்சு.

இது உங்கட வளவில்லையடா எண்டு சொல்ல வாய் திறந்தன். அதுக்குள்ளை அந்தப் பெட்டை என்ரை கையைப் பிடிச்சு ஒருபக்கமா இழுத்துக்கொண்டு போனாள். மெதுவா, ஒவ்வொரு சொல்லா எடுத்து வைச்சுத் தமிழ் கதைக்கிறாள். "அம்மம்மா, வழியிலை அப்பா தன்ரை ஸ்கூல் எண்டு ஒரு மில்லைக் காட்டினவர். உள்ளை நெல் இருந்தது. அப்பா சொன்ன ஊர் உண்மையா இருக்கா? இந்த வீடாவது சரியா?" எண்டு கேக்கிறாள். பிள்ளை, அந்த முகத்தைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது? பிறந்த நாளிலையிருந்து தேப்பன் சொன்ன கதையெல்லாம் அந்த ஒரு கேள்வியிலை தொங்குது. "பின்னை? இதுதான் வீடு!" எண்டு போட்டன் ஒரு போடு.

அதிலைதான் மாட்டுப்பட்டன். உடனை அவன் தாய்க்குப் போன் எடுத்தான். முகம் தெரியிற போன். அங்கை அப்பதான் விடியுதாம். என்ரை மச்சாள், பல்லுக் கழட்டி வைச்சிருக்கிறா, படுக்கையிலை. இடுப்பு முறிஞ்சு ரண்டு வருசம், இனிப் பிளேன் ஏற ஏலாது. பிள்ளையள் வெளிக்கிடேக்கை அவ கேட்டது ஒண்டே ஒண்டாம்: "என்ரை கிணத்தை எனக்கொருக்கா உள்ளுக்கை காட்டுங்கோ." அதுக்குப் பூசச் சொல்லிச் சந்தனமும் குடுத்துவிட்டவ.

இவன் உன்ரை குழாய்க்கிணத்துக்குச் சந்தனம் பூசி, என்ரை வேலியிலை பூவும் பிடுங்கி வைச்சு, போனைப் பிடிச்சான். "இஞ்சை பாருங்கோ அம்மா, எங்கட கிணறு!"

மச்சாள் கண்ணைச் சுருக்கிப் பாத்தா. "என்னடா, கிணத்துக்குக் கை முளைச்சிருக்கு?"

"மாத்திப் போட்டாங்கள் அம்மா. இப்ப அடிக்கிறதுதான், அள்ளுறேல்லை."

"அப்ப உங்கட அப்பா கட்டின கட்டு? என்ரை உடுப்புத் தோய்க்கிற கல்லு?"

"அதெல்லாம் அடியிலை இருக்குது அம்மா. எனக்குத் தெரியும்."

"என்ரை கிணத்தை மூடிப்போட்டாங்கள்" எண்டா அவ. அவ்வளவுதான். சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கியிட்டா.

உண்மையைச் சொன்னா இந்தப் பக்கம் பெட்டை பாத்துக்கொண்டு நிக்கிறாள். சொல்லாட்டி அந்தப் பக்கம் தாய் அழுறா. நான் போனுக்குள்ளை முகத்தை நீட்டி, "மச்சாள், அழாதைங்கோ! இது உங்கட வளவின்ரை பின்பக்கம். கிணறு முன்பக்கம் கிடக்கு!" எண்டன்.

ஓம் பிள்ளை, உன்ரை வளவை நான் அவைக்குக் குடுத்திட்டன். ஒரு அரை மணித்தியாலத்துக்குத்தான்! இப்ப திரும்பி வந்திட்டுது, பயப்பிடாதை. என்ரை வளவையும் சேத்துத்தான் குடுத்தனான்.

மச்சாள் அழுகையை நிப்பாட்டிப்போட்டு, "பின்பக்கமோ? எங்கட வளவு அவ்வளவு தூரம் வராதே" எண்டுறா.

"வளந்திட்டுது மச்சாள்."

"வளவோ?"

"ஓம்."

எல்லாரும் நடந்தம். உன்ரை வளவாலை, என்ரை வளவாலை, ஒழுங்கையாலை. அவன்தான் முன்னுக்கு, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. ஒழுங்கை ரண்டாப் பிரியிற இடத்திலை நிண்டான். "எனக்குத்" எண்டு தொடங்கினான். வாயை மூடினான். பிள்ளையள் பின்னாலை நெருஞ்சி பிடுங்கிக்கொண்டு வருகுதுகள். அவன் குனிஞ்சு என்ரை காதுக்குள்ளை சொல்லுறான், "மாமி, எந்தப் பக்கம்? எனக்குத் தெரியேல்லை. அந்த ஆட்டுக்கொட்டிலடியிலையே எனக்குத் தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு மரம்கூட நிக்கேல்லை மாமி."

அவன்ரை வாயிலை அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. துணுக்காயிலைகூடச் சொல்லேல்லை. உடனை ஊருக்கே கேக்கக் கத்தினன், "ஓமோம் தம்பி, நீ சொல்லுறதுதான் சரி, இடக்கைப் பக்கம்தான்! நான்தான் மாறி நினைச்சிட்டன்!"

அவன் என்னை ஒருக்காப் பாத்தான். பிறகு பிள்ளையளைத் திரும்பிப் பாத்து, "பாத்தீங்களோ? அப்பாவுக்குத் தெரியும்" எண்டான்.

கிணறு கிடந்த மாதிரியே கிடக்குது. குளம் நிறைஞ்சு கிடக்கிறதாலை தண்ணியும் மேலை நிக்குது. கட்டைக் கண்டவுடனை மச்சாள் அங்கை கை தட்டுறா. தோய்க்கிற கல்லைக் காட்டச் சொன்னா. "நடுவிலை வெடிப்பு இருக்கோ?" எண்டா. இருக்கு. "அது நான் உடைச்சது, இவன்ரை கம்பளிப் போர்வையை அடிச்சு" எண்டா. பிறகு உள்ளை காட்டச் சொன்னா. அவன் எட்டிப் பிடிச்சான். மச்சாள் போனுக்குள்ளையிருந்து "கூ!" எண்டா. கிணறும் "கூ!" எண்டுது. கனடாவிலையிருந்து கத்துறா பிள்ளை, எங்கட கிணறு மறுமொழி சொல்லுது! பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள், கண்ணெல்லாம் தண்ணி.

"இன்னும் கீழை விடடா."

"காணும் அம்மா."

"இன்னும் கொஞ்சம்."

டொபுக்!

அந்த வாண்டுதான் முதல் கத்தினவன். "அப்பம்மா கிணத்துக்கை விழுந்திட்டா!" தொண்டையோ அது, கோயில் மணி. வேற தமிழ் அவனுக்கு வருகுதோ இல்லையோ, இது மட்டும் சுத்தமா வந்துது. நாலு வளவுச் சனமும் ஓடிவந்திட்டுது. ஒருத்தன் கயிறு, ஒருத்தன் ஏணி. ட்ராக்டர்கார மயில்வாகனம் ஒண்டையும் கேக்கேல்லை, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு குதிச்சிட்டான். அடியிலை வெளிச்சமொண்டு தெரிஞ்சுதாம். மூச்சைப் பிடிச்சு ரண்டு தரம் முங்கி வந்து, "இதுக்கை கிழவி ஒருத்தரும் இல்லை, இதுதான் கிடந்துது" எண்டு போனைத் தூக்கிக் காட்டினான்.

"அதுதான் அப்பம்மா" எண்டான் வாண்டு.

அந்த நேரம் என்ரை இடுப்பிலை செருகியிருந்த பட்டன் போன் அடிச்சுது. பச்சையை அமத்தினன். மச்சாள்.

"மச்சாள், ஏன் திடீரெண்டு இருட்டிப்போச்சு?"

"நீங்கள் கிணத்துக்கை விழுந்திட்டியள் மச்சாள். மயில்வாகனம்தான் எடுத்தது."

பல்லில்லாத வாயாலை ஒரு சிரிப்பு. "அப்ப உள்ளுக்கை நல்லாப் பாத்தாச்சு" எண்டா. "தண்ணி இப்பவும் இனிப்போ?"

"அதே இனிப்பு."

"மச்சாள், அவன் முதல் காட்டினது ஆற்றை வளவு?"

நான் அங்காலை தள்ளிப்போய், "பூமணியின்ரை" எண்டன்.

"எனக்குத் தெரியும்" எண்டா அவ.

பாத்தியோ! தெரியுமெண்டா, முந்தி அழுதவ ஆர்? இவ்வளவு காலமும் இந்தப் பெடியனுக்கு இது எங்கையிருந்து வந்ததெண்டு நான் யோசிக்காத நாளில்லை.

ராத்திரி இஞ்சைதான் படுத்தவை. நனைஞ்ச போனை அரிசிக்குள்ளை வைச்சா ஈரம் இழுக்குமெண்டு மயில்வாகனம் சொன்னவன். என்ரை அரிசிப் பானைக்குள்ளை தாட்டு வைச்சம். இண்டைக்கு விடிய வெளிக்கிட்டுட்டினம். கொழும்புக்கு. நாளைக்குப் பிளேன். பெட்டை வானிலை ஏறமுந்தி என்னைக் கட்டிப்பிடிச்சு, அந்த ஆட்டுக்கொட்டில் பக்கம் கண்ணைக் காட்டி, "எனக்குத் தெரியுமெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போடாதைங்கோ அம்மம்மா" எண்டாள். நான் ஒரு வாழைப்பழம் குடுத்தன்.

வழி சொல்லுற பொம்பிளையும் இல்லை பார், இன்னும் காயேல்லையெண்டு அவவை அரிசிப் பானைக்குள்ளையே விட்டிட்டுப் போறான். "தம்பி, சந்தியிலை ஆரையும் கேட்டுப் போ" எண்டன். அவன் என்ன சொன்னவனெண்டு நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. படலையிலை நிண்டு பாத்தனான். பரந்தன் பக்கம் திரும்பவேண்டியவன் புதுக்குடியிருப்புப் பக்கம் திரும்பினான். உந்த வழியிலை போனா கொழும்பைக் காணமுந்திக் கடலைத்தான் காணுவான். நான் கையைக் காட்டிக் கத்தினன், அவன் நான் வழியனுப்புறனெண்டு நினைச்சு ரண்டுதரம் ஹோன் அடிச்சிட்டுப்...

பொறு. அது என்ன சத்தம்? எட்டிப் பார், உன்ரை கண் தெரியாட்டியும் பார். வெள்ளையாத் தெரியுதோ? ஐயோ, அவன்தான்! கேட்டா, போன் எடுக்கத்தான் வந்தனான் எண்டுவான் பார். விடிய வெளிக்கிட்ட பிள்ளையள், என்ன சாப்பிட்டுதுகளோ. பிள்ளை, நான் கேத்திலை அடுப்பிலை வைக்கிறன், நீ ஓடிப்போய் உன்ரை படலையைத் திறந்துவிடு, முதல் அங்கைதான் போவான்!